ஜூலைத் தேர்வு பிழைத்துக்கொண்டது

இன்று எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கூட்டம். இந்த வருடம் நிதி குறைவு, அதனால் ஜூலை அரியர் தேர்வை நிறுத்திவிடலாம் என்றார்கள்.

நான் எழுந்தேன். "சார், ஒரே ஒரு பேப்பர் பாக்கி வச்சிருக்கிற பசங்களுக்கு கிடைச்ச வேலை போயிடும். பட்டமளிப்பு விழாவைச் சின்னதா நடத்துங்க. பேப்பரை நாங்க சும்மாவே திருத்தித் தர்றோம்."

ஆசிரியர்கள் எல்லோரும் என் பக்கம் நின்றார்கள். தேர்வு உண்டு என்று முடிவானது.

திரும்பும்போது தாம்பரம் பஸ்ஸில், எங்கள் பல்கலைக்கழக அட்டையை மாட்டிக்கொண்டு ஒரு மாணவி பக்கத்தில் இருந்தாள். போனைப் பார்த்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோழியை அழைத்தாள்.

"ஏய், ஜூலைல எக்ஸாம் இருக்காம்டி! கேளம்பாக்கம் வேலை போகாது. யாரோ ஒரு மேடம் மீட்டிங்ல சண்டை போட்டாங்களாம்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போனை வைத்தவள் என்னிடம், "ஆனா ஆன்ட்டி, இனிமே மேத்ஸ் படிச்சே ஆகணுமே!" என்றாள்.

"அதுக்கு எந்த மேடமும் சண்டை போட முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பெருங்களத்தூரில் இறங்கினேன்.

நான் யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கணக்கில் சந்தேகம் கேட்டிருப்பாள். நான் தமிழ்த்துறை.

நட்பில் இருக்கும் கணக்கு ஆசிரியர்களே, ஜூலை வரை ஃப்ரீயா?