புரொப்பல்லருக்கு ஆயுத பூஜை

கம்பத்தில் எனக்கு இருப்பது ஒரு ஏக்கர் திராட்சையும் ஒரு போர் மோட்டாரும்தான். கடலை ராமேஸ்வரத்தில் இடுப்பளவு ஆழத்துக்குப் பார்த்தவன். அப்பேர்ப்பட்டவனிடம் மாப்பிள்ளை போன் போட்டு, படகுக்கு எந்த புரொப்பல்லர் வாங்கலாம் என்று யோசனை கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளைக்குக் கொச்சியில் வேலை. பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருந்தார். காற்று அடித்தால் பாய், காற்று நின்றால் சின்ன டீசல் எஞ்சின். எஞ்சின் சுற்றிவிடும் விசிறி மாதிரியான புரொப்பல்லர் உப்பில் அரித்துப் போயிருந்தது. அதை மாற்றிவிட்டு, என் மகளையும் ஏற்றிக்கொண்டு லட்சத்தீவு போய் வரப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றால் மகள் கேட்கிற ரகமில்லை. போகிறவள் பத்திரமாகத் திரும்ப வேண்டும், அதற்கு என் பங்குக்கு ஏதாவது செய்துவிட வேண்டும். அந்த நினைப்பிலேயே கிடந்தேன்.

மாப்பிள்ளைக்கு ஆசை, இரண்டு இலை வைத்த மடங்குகிற ரகத்தின் மேல். பாயில் போகும்போது அது தானாக மடங்கிக்கொள்ளுமாம், வேகம் குறையாதாம். மூன்று இலை வைத்த மடங்காத ரகம் நன்றாகத் தள்ளும். ஆனால் பாயில் போகும்போது பின்னால் வாளியைக் கட்டி இழுத்த மாதிரி இருக்குமாம்.

"மடங்குறதெல்லாம் குடையோட நிக்கட்டும் மாப்ள. அவசரத்துக்கு விரியலைன்னா எவன் கடலுக்குள்ள முங்கி விரிச்சு விடுறது?" என்றேன்.

மூன்று இலையையே வாங்கினார். மாமனார் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். மடங்குகிறதன் விலையைக் கேட்டு அவரே மலைத்துப் போயிருந்ததை மகள் பிறகுதான் சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு நானும் வீட்டுக்காரியும் குமுளி வழியாக பஸ் ஏறிக் கொச்சி போனோம். படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் பயணத்துக்குச் சாமான் வாங்கப் போனபோது நான் படகுக்கு அடியில் குனிந்தேன். புது புரொப்பல்லர் தங்கமாக மின்னியது. அதற்கு முன்னால், சுற்றுகிற தண்டில், சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு உலோகக் கட்டி. கல்யாண வீட்டில் அழுக்குச் சட்டையோடு வந்தவனைப் போல இருந்தது.

எங்கள் வீட்டில் பூஜை அன்றைக்கு மோட்டார், மருந்தடிக்கிற மிஷின், மிக்சி எதுவும் குளிக்காமல், பெயிண்ட் பார்க்காமல் தப்ப முடியாது. அங்கன ஒரு ஓரத்தில் வெள்ளி பெயிண்ட் அரை டப்பா கிடந்தது. கட்டிக்கு இரண்டு கோட்டிங் கொடுத்தேன். இலைக்கு மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். எலுமிச்சம்பழம் வைக்கப் படகுக்குச் சக்கரம் இல்லை. படகைத் தூக்கிப் போகும் கிரேனுக்குச் சக்கரம் இருக்கிறதே என்றாள் வீட்டுக்காரி. அதற்கு வைத்தோம்.

மறுநாள் காலை, படகைத் தண்ணீரில் இறக்கும் நேரம். மாப்பிள்ளை அடியில் குந்தியவர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு, "நல்லா இருக்கு மாமா" என்றார். அந்தக் கட்டியை மட்டும் லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டார். பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை, கெட்டுப்போகும் என்றேன். பாவம், என் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

மகள்தான் போட்டு உடைத்தாள். "அப்பா, அது கரையுறதுக்குன்னே வச்ச துத்தநாகம். உப்புத்தண்ணி மொதல்ல அதத்தான் அரிக்கும். அது இருக்கவரைக்கும் புரொப்பல்லருக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க அத மூடிட்டீக. இனி புரொப்பல்லரத்தான் திங்கும்."

மாரியாத்தாளுக்கு வைத்த படையலை மூடிவிட்டு, பிள்ளையைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

"மிஷினு வேல தெரியும்னு மகளக் கடல்ல விடப் பாத்தீகளே" என்றாள் வீட்டுக்காரி.

உப்புத்தாளை வாங்கி நானே மல்லாந்து படுத்துத் தேய்த்தேன். வேட்டி, மீசை எல்லாம் வெள்ளி. கிரேன்காரர் வந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று மலையாளத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில், பூஜை நடக்கிறது என்றேன். மனுசன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டு நின்றார். அந்தப் பொய்யை ஆத்தா மன்னிக்கட்டும்.

துளி வெள்ளிகூட இல்லாமல் சுரண்டிய பிறகு மாப்பிள்ளை விரலால் தடவிப் பார்த்தார். "இப்பச் சரி மாமா" என்றார். இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். நாங்கள் கம்பம் திரும்பினோம். நடுக்கடலில் போன் எடுக்காது. தினமும் மாரியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்தேன். பதினோராம் நாள், நானும் வீட்டுக்காரியும் கோயிலிலிருந்து திரும்பும்போது, கொச்சி வந்து சேர்ந்துவிட்டோம் என்று மகள் பேசினாள். சாப்பிட்டியா தாயி என்று வீட்டுக்காரி கேட்டு முடிக்கும் முன் போனைப் பிடுங்கினேன்.

"துத்தநாகம் அரிச்சிருக்கா?"

"அவரு முங்கிப் பாத்தாருப்பா. அங்கங்க நல்லாவே அரிச்சிருக்கு."

நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.