க்ளங்க்!

பெருமை பேசாமல் ஒரே ஒரு வாரம் எழுதிப் பாருங்களேன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நானும் முயன்றேன். ஆனால் போன செவ்வாய்க்கிழமை இங்கிலீஷில் ஜெயித்துவிட்டேனே... என்ன செய்வது?

குன்னம் பக்கத்தில் செல்லம்மாளுக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளம். கதிரை ஒடித்துக் களத்தில் குவித்துவிட்டு, மணி உதிர்க்க என் மெஷினை வரச் சொல்லியிருந்தார். என்னிடம் மூன்று டிராக்டர், இரண்டு கதிரடிக்கும் மெஷின். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது கொஞ்சமா? நீங்களே சொல்லுங்கள்!

பாதிக் குவியல்கூடக் குறையவில்லை. டிராக்டரிலிருந்து மெஷினைச் சுழலவிட்டால் — ணங்! நிறுத்தி, மறுபடி விட்டால் — ணங்! வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அண்ணே, நனைஞ்சா பூஞ்சை புடிச்சிடும். ஒரு வியாபாரியும் தொடமாட்டான். நாலு மாசப் பாடுண்ணே!” என்றார் செல்லம்மாள்.

மெஷின் புதுசு. வாரண்டி இருக்கும்போது நாமே கழற்றினால் கம்பெனி கைகழுவிவிடும். கம்பெனிக்கே போனைப் போட்டேன். ஒரு பெண் எடுத்தது.

“என்ன மாதிரி சத்தம் சார்?”

“ணங்குன்னு கேக்குது தாயி.”

“அப்படிப் போட முடியாது சார். ஸ்க்ரீன்ல இங்கிலீஷ்ல அஞ்சு வார்த்தை இருக்கு. ஒண்ணை சூஸ் பண்ணுங்க. அதுக்கேத்த ஸ்பேர்தான் வேன்ல வரும்.”

போனை மெஷின் பக்கத்தில் நீட்டினேன். “ஒரே இரைச்சலா இருக்கு சார்” என்றது.

லீவுக்கு வந்திருந்த மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். இங்கிலீஷ் வாத்தியார், எம்.ஏ. “மாமா, ரேட்டில்னு சொல்லுங்க. ரேட்டில்னா சத்தம்தான். அதையே போடட்டும்.”

தப்பான சாமான் வந்தால்? மறுபடி வேன் வருவதற்குள் மழை வந்துவிடும். என் மெஷினை நம்பித்தானே அந்த அம்மா கதிரைக் குவித்தது?

“தாயி, அந்த அஞ்சையும் நிதானமா, வாய்விட்டுச் சொல்லு.”

“எதுக்கு மாமா? அர்த்தம் தெரியாம...”

“சும்மா இருங்க மாப்ள. அவுங்க சொல்லட்டும்.”

ஹிஸ்... அது பாம்பு. ஹம்... வண்டு. ஸ்க்வீல்... எண்ணெய் காணாத சக்கரம். ரேட்டில்... டப்பாவில் போட்டுக் குலுக்கிய கூழாங்கல். கடைசியாக, க்ளங்க்.

“அதான்! அதான் தாயி! அதைப் போடு!”

மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். “மழை வந்தா நான் பொறுப்பில்ல மாமா.”

“நீங்க எப்ப மாப்ள பொறுப்பெடுத்துக்கிட்டீங்க?” என்றேன். செல்லம்மாள் அந்தப் பதற்றத்திலும் சிரித்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் பெரம்பலூரிலிருந்து வேன் வந்தது. மெக்கானிக் டிராக்டரையும் மெஷினையும் இணைக்கிற தண்டை ஆட்டிப் பார்த்தார். புது மெஷினாக இருந்தும் ஜாயின்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கையிலேயே புது ஜாயின்ட் வைத்திருந்தார்.

“ரேட்டில்னு போட்டிருந்தா போல்ட்டு லூஸுன்னு ஸ்பேனரோட மட்டும் வந்திருப்பேன். க்ளங்க்குன்னு கரெக்டா சொன்னது யாருங்க? சாரா?” என்று மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“இல்லீங்க... எங்க மாமா.” அதைச் சொல்ல அவர் பட்ட பாடு இருக்கிறதே!

கடைசி மூட்டையைத் தார்ப்பாய்க்குள் தள்ளிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. ஒரு சோளமணிகூட நனையவில்லை. செல்லம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை செல்போனில் அகராதியைத் தோண்டினார். க்ளங்க் என்றால் இரும்பும் இரும்பும் மோதுகிற கனத்த, மந்தமான சத்தமாம். எந்த மொழியிலிருந்தும் வந்ததில்லையாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் முதலில் பாட்டிலிலிருந்து தக்கையைப் பிடுங்கும் சத்தத்துக்குச் சொன்னார்களாம். இரும்புக்கு வந்தது பிறகுதானாம். காதில் கேட்டதை அப்படியே வாயில் சொன்னதுதான் வார்த்தையாகிவிட்டது!

யோசித்துப் பாருங்கள்... அதை உண்டாக்கியவன் எம்.ஏ.வா படித்திருப்பான்? பாட்டிலும் கையுமாக இருந்த என்னை மாதிரி ஒருவன்தான் — பாட்டிலை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

“யாரு மாப்ள அந்த ஆளு?”

“பேர் தெரியாதாம் மாமா.”

பாவம், விவரம் பத்தாதவன்... நானாக இருந்தால் முதலில் பேரைப் போட்டுவிட்டுத்தான் வார்த்தையையே சொல்லியிருப்பேன்!