அவருக்காகத் திறந்த வாய்

என் கணவர் நாள் முழுக்கப் புகையிலை போடுபவர். பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் சரோஜா, புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க அவர் வாயைப் படமெடுக்க வேண்டும் என்றார்.

"எனக்கு இன்னா வந்துச்சு? போங்கம்மா" என்றார் கணவர்.

அவருக்குத் தைரியம் வரட்டும் என்று நானே முதலில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். சாப்பிட்டதும் வெற்றிலையோடு நானும் துளி புகையிலை வைத்துக்கொள்வேன்; அதைப் பழக்கம் என்றே நினைத்ததில்லை. சரோஜா செல்போனில் என் கன்னத்தின் உட்புறத்தைப் படமெடுத்தார். பிறகு கணவரும் காட்டினார். படங்கள் பெங்களூரு டாக்டருக்குப் போயின.

மறுநாள் சரோஜா போன் செய்தார். "அக்கா, அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் உள்கன்னத்துல ஒரு வெள்ளைத் திட்டு இருக்குது. டாக்டர் உடனே வரச் சொல்றாரு."

அந்த இடத்தில் எனக்கு வலியே இருந்ததில்லை. சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. சின்ன அறுவை சிகிச்சையோடு பிழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டும்போது, "எனக்காகத்தானே நீ உக்காந்த" என்று கணவர் அழுதார்.

உண்மைதான். எனக்காக என்றால் அன்று அடுப்பு வேலையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். இப்போது பல் தேய்த்ததும் கண்ணாடி முன் நின்று என் வாயை நானே பார்த்துக்கொள்கிறேன்.