ஆறு டியூப்களும் ஒரு சம்பந்தியும்

குப்பி கழுவத்தான் என்னை அந்தப் பரிசோதனைக்கூடத்தில் எடுத்தார்கள். போகப்போகக் காய்கறி அரைக்கவும் விட்டார்கள். அவியலுக்குப் போல நறுக்கி, மிக்சியில் அடித்து, டியூபில் போட்டு, ஸ்பிரிட் மாதிரி ஒரு திரவமும் உப்பும் சேர்த்துக் குலுக்கி, சுற்றுகிற மெஷினில் வைத்தால் மேலே தெளிவாக ஒரு நீர் நிற்கும். பயிருக்கு அடித்த விஷம் உண்டென்றால் அதில் இருக்கும். இவ்வளவு பாடுபட்டும் சாப்பிட ஒன்றும் கிடைக்காத சமையல் அது.

அன்று மேடம் அந்த நீரை ஆறு டியூப்களில் வைத்து, ஊசி வழியாக மேலே நைட்ரஜன் காற்றை ஊதவிட்டார். நீர் வற்றி, டியூபில் போட்ட கோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

"அம்மச்சி, கண்ண எடுக்கப்பிடாது, கேட்டியளா. முழுசும் வற்றினா விஷத்துல சிலதும் பறந்து போவும். பிறவு ரிப்போட்டுல காட்டாது. நான் அடுத்த ரூமுக்குப் போயிட்டு வாறேன்."

நான் ஸ்டூலில் மாட்டிக்கொண்டேன். முகத்தில் மாஸ்க், கையில் உறை, மூக்கிலோ அரிப்பு. கழுத்தைத் திருப்பவும் வழியில்லை. முதுகுக்குப் பின்னால் சாம்பிள் வாங்குகிற சின்ன ஜன்னல்.

"சம்மந்தி, உள்ள என்ன, ஜெபமா?"

என் மகளின் மாமியார். குளத்தூரில் நீளப்பயறு போட்டிருக்கிறவள். அதில் கொஞ்சத்தைக் காலையில் சோதனைக்குக் கொடுத்திருந்தாள். ரிப்போர்ட் நன்றாக வந்தால் தோட்டம் முழுவதையும் எடுப்பதாக பாலராமபுரத்துக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அத்தனையும் கொடியிலேயே முற்றும்.

"திரும்ப முடியாது. டியூப்பு வற்றிப் போவும்."

"வற்றினா?"

என் வாய் சும்மா இருக்குமா? "விஷம் பறந்து போவும். எல்லாம் நல்ல பயறு ஆயிடும்."

அப்புறம் தொடங்கினாள் பாருங்கள்!

"உங்க மோள் வச்ச மீன்கறிய நேத்து பூனகூட திரும்பிப் பாக்கல்ல."

"உங்க வீட்டுச் சாப்பாடு தின்னு பழகின பூனையாக்கும். நல்லது தெரியாது."

"மொகத்த நோக்கிச் சொல்லுங்க. முதுகக் காட்டிப் பேசுதது மரியாதையா?"

எதற்குப் பேச்சுக் கொடுக்கிறாள் என்று புரிந்தது. கோபித்துக்கொள்ளவும் முடியாது, என் மகள் அவள் வீட்டில் இருக்கிறாள். ஆறில் அவளுடையது எது என்றும் தெரியாது. டியூபில் வெறும் எண்தான். நான் பார்வையை எடுக்கவில்லை.

"கொச்சுமோளுக்கு இஷ்டம்ணு ஒரு பை பயறு கொண்டு வந்திருக்கேன். வந்து வாங்குங்க."

பேத்தி விடுமுறைக்கு என் வீட்டில் இருந்தாள். என்னையறியாமல் திரும்பிவிட்டேன்.

"எந்தப் பயறு? அந்தத் தோட்டத்துல உள்ளதா?"

"பின்ன?"

"மருந்து அடிச்சேளா?"

பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "முந்தாநாள் கொஞ்சம். பூச்சி வந்துது, என்ன செய்ய?"

"இதத்தான் பிள்ளைக்கு அவிச்சுக் குடுக்கச் சொல்லுதியளா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே டியூப்களைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"சம்மந்தி! அந்த அற்றத்துல, கடைசியில உள்ளது வற்றுது! எடுங்க, எடுங்க!"

எடுத்தேன். சரியாகக் கோட்டில் நின்றது. அது அவளுடையதோ, யாருடையதோ. அதன்பின் மேடம் வரும்வரை மீனையும் பூனையையும் விட்டுவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளும் காவல் நின்றாள். "மூணாவது... இல்ல, இன்னும் உண்டு."

சாயங்காலம் ஒரே பஸ். ஜன்னல் பக்கம் நான், வழிப் பக்கம் அவள், அவள் மடியில் பை.

"கடைக்காரருக்கு என்ன சொல்லுவியளோ?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ரிப்போட்டு சொல்லும்."

என் ஸ்டாப் வந்தது. பைக்குக் கை நீட்டினேன், வேண்டுமென்றே.

"கறிக்கு வேற வாங்கிக்கிடுங்க சம்மந்தி" என்று, பையை மார்போடு பிடித்தபடி எழுந்து எனக்கு வழிவிட்டாள்.