ஓன் போர்டு வண்டி

எங்கள் காரில் ஏறுகிறவர்கள் முன் சீட்டில்தான் உட்கார வேண்டும். இது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். "பின்னாடி உக்காந்தா நான் டிரைவர் ஆயிடுவேன்" என்பார் சிரித்துக்கொண்டே. அதில் சிரிப்பு கொஞ்சம்தான் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்த இவரை, ஆட்குறைப்பு என்று சொல்லி ஐம்பது தாண்டிய வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு வேலை தேடி அலைந்தார். போன இடத்திலெல்லாம் முதலில் வயதைத்தான் கேட்டார்கள். அந்தச் சமயத்தில் மயிலாப்பூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் மாமி ஒருவர், கோயிலில் என்னைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னார். தேனாம்பேட்டைப் பக்கம் டயாலிசிஸுக்குப் போய்வர வேண்டும், ஆட்டோ குலுக்கல் உடம்புக்கு ஆகவில்லை, மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை பெங்களூரில். நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் கார் சாவியை எடுத்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு வேகத்தைப் பார்த்தேன்.

முதலில் அது உதவியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மாமி ஒரு கவரில் பணம் போட்டு, அதன் மேல் இரண்டு வாழைப்பழத்தை வைத்து நீட்டினார். யாருக்கும் வெறும் பணமாகக் கொடுப்பது அவர் வழக்கமில்லை. பழத்தோடு வந்ததை வேண்டாம் என்று சொல்ல இவருக்கும் மனம் வரவில்லை. பிறகு மாமி சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர், முட்டி தேய்ந்தவர், தனியாக பாங்குக்குப் போக பயப்படுகிறவர். மாமியைப் பார்த்து அவர்களும் கவரும் பழமுமாகவே கொடுத்தார்கள். வீட்டில் வாழைப்பழம் கறுத்துப்போகிற அளவுக்குச் சேர்ந்தது.

கொஞ்ச நாளில் அதுவே எங்கள் பிழைப்பாகிவிட்டது. ஆனால் அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. "அவங்களா பிரியப்பட்டுக் குடுக்கறாங்க" என்பதுதான் இவர் பேச்சு.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற சமயம் வந்தபோது நங்கநல்லூரிலிருந்து எங்கள் ஏஜென்ட் வந்தார். பல வருஷப் பழக்கம். தெருவில் கேட்டதை வைத்துத் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. காசு வாங்கிட்டு ஆள் ஏத்தினா அது வாடகை வண்டிக் கணக்கு. சொந்த உபயோகத்துக்குன்னு ஓன் போர்டு வண்டிக்குப் போட்ட பாலிசி அதுக்கு செல்லாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மஞ்சள் போர்டுக்கு மாத்திட்டு, அதுக்குத் தகுந்த பாலிசி போட்டுடலாம். நாளைக்கு ஒண்ணுன்னா கம்பெனி கையை விரிச்சிடும்."

"நான் என்ன டாக்ஸியா ஓட்டறேன்? மீட்டரா வெச்சிருக்கேன்? பழம் குடுத்தா வாடகையா?"

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் பழைய மாதிரியே பாலிசியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

இவருடைய பிடிவாதத்துக்குக் காரணம் எங்கள் மகளின் கல்யாணம். தி.நகரில் ஒரு இடத்தில் ஜாதகம் கொடுத்திருந்தோம். பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் மஞ்சள் போர்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. "மஞ்சள் மங்கலமான நிறம்தானே" என்று கிண்டல் செய்து பார்த்தேன். சிரிக்கவில்லை. மேனேஜராக வாங்கிய வண்டி, அதில் மிச்சமிருந்த மேனேஜர் அந்த வெள்ளை போர்டுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

ஒரு மழைக் காலையில் தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டியதும், குறுக்கே புகுந்த ஸ்கூட்டர்காரனைத் தப்பவைக்கப் போய் வண்டியைச் சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரில் மோதிவிட்டார். முன் சீட்டில் இருந்த மாமிக்குக் கை வீங்கியதோடு போயிற்று. இவருக்கு நெற்றியில் காயம். ஸ்கூட்டர்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடையாறு பட்டறை மெக்கானிக் குனிந்து அடியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இன்னா சார், இப்டி ஆயிப்போச்சு? சேஸிஸே வளைஞ்சு கீது. இன்சூரன்ஸ் வந்தா பாக்கலாம். இல்லாங்காட்டி எடைக்குத்தான் போடணும்."

இன்சூரன்ஸ் பணத்துக்கான படிவத்தில், வண்டியில் கூட இருந்தவர் யார் என்ற கேள்விக்குக் 'குடும்ப நண்பர்' என்று இவர் எழுதிக் கொடுத்தார். விசாரிக்க ஆள் வரும் என்று சொன்னார்கள்.

"மாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமாங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கேட்டா, நம்ம மனுஷன்னுதான் சொல்லுவாங்க. வயசானவங்களை ஏன் பொய் சொல்ல வைக்கணும்?"

அவர் அதை மனதார நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

கை வீக்கம் எப்படியிருக்கிறது என்று பார்க்க நான் மாமி வீட்டுக்குப் போயிருந்தபோதே விசாரிக்கிற அந்த ஆள் வந்துவிட்டார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, வண்டி ஓட்டினவர் உங்களுக்கு உறவா என்று கேட்டார்.

"உறவெல்லாம் இல்லை. ஆனா தங்கமான மனுஷர். சொன்ன நேரத்துக்கு வாசல்ல வந்து நின்னுண்டிருப்பார்" என்றார் மாமி.

"இவ்வளவு நாளா சும்மாவே கூட்டிட்டுப் போறாரா?"

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சும்மாவா? அடுத்தவா வண்டியில நான் சும்மா ஏறுவேனா? ஒவ்வொரு தரமும் கவர்ல போட்டுக் குடுத்துடுவேன். இங்க எத்தனை பேருக்கு அவரை நான் சொல்லியிருக்கேன் தெரியுமோ? உங்காத்துல யாருக்காவது வேணும்னாலும் சொல்லுங்கோ, நம்பர் தரேன்."

இவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அத்தனையும் சொன்னார். குறுக்கே புகுந்து நான் என்ன சொல்ல முடியும்? புறப்பட்டவர் கையிலும் மாமி இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உறவு இல்லைன்னா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். இன்சூரன்ஸைப் பற்றிக் கேட்கவேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கம்பெனி கையை விரித்தது. வண்டியை எடைக்குத்தான் போட்டோம். தி.நகர்க்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று வாட்ஸ்அப்பில் முடித்துக்கொண்டார்கள். எங்கள் வாசலில் என்ன வண்டி நிற்கிறது என்று அவர்கள் வந்து பார்க்கவே இல்லை.

இப்போது இவர் ஒரு டிராவல்ஸ்காரரின் மஞ்சள் போர்டு வண்டியை ஓட்டுகிறார். அதை எங்கள் வாசலுக்குக் கொண்டுவருவதில்லை. அடுத்த தெருவிலேயே விட்டுவிட்டு நடந்து வருகிறார். தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வாழைப்பழம் இப்போது கடையில்தான் வாங்குகிறேன்.

தான் சொன்னதால்தான் இன்சூரன்ஸ் போனது என்று மாமிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் மாமிமேல் எனக்கிருந்த கோபமும் ஆறிப்போனது. இந்த வண்டியில் மாமியை டயாலிசிஸுக்கு முதல்முறை கூட்டிப்போன அன்றைக்கு, இவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க நான் பின்னாலேயே ஓடினேன். மாமி வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. மாமி கைத்தடியோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். இவர் இறங்கிச் சுற்றி வந்து, பழக்கத்தில் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மாமி மஞ்சள் போர்டை ஒரு பார்வை பார்த்தார். "வேண்டாம்பா. வாடகை வண்டி, முன்னால உக்காந்தா உங்க ஓனர் ஏதாவது சொல்லப்போறார். நான் பின்னாலயே உக்காந்துக்கறேன்" என்றார் கரிசனமாக.

இவர் முன் கதவைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்துவிட்டார்.