முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு

நேற்று ஹட்டன் போகிற வழியில் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளை, பின்சுவரில் பாசி. அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அந்தப் பெரிய டாக்டரின் ஞாபகம் வந்து வாய் கசந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் ஒரு மருத்துவ நிலையத்தில் ஆய்வுப் பிரிவின் நிர்வாக உத்தியோகத்தன். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். ஜீப் பிடிப்பது, தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்குவது, கண்ணாடிக் குழாய்களை வைக்கோலில் பொதிவது, டாக்டருக்கு முட்டை பதமாக வெந்ததா என்று பார்ப்பது, இவைதான் ஆய்வுக்கு நான் செய்த தொண்டு. டாக்டர் சீமையில் படித்தவர். மழையே இல்லாத நாளிலும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். கொழுந்து பறிக்கும் பெண்களின் ரத்தத்தைச் சோதித்து, சோகை இருந்தால் தோட்டத்துக்கு மாத்திரை கொடுப்பதாக ஏற்பாடு. மாத்திரை டின்கள் ஜீப்பிலேயே இருந்தன. லயங்களின் முன்பக்கம் பளபளவென்றிருந்தது. காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, வாட்டசாட்டமாக நின்றார்கள். பெரியவர்கள் வந்தால் நல்லதைத்தான் காட்டுவது தோட்டத்து வழக்கம். கங்காணி சுவரைப் போலவே ஆட்களையும் தயார் பண்ணியிருந்தார்.

ரத்தம் எடுத்து அங்கேயே சோதித்ததில் ஒருத்திக்கும் சோகை இல்லை. வேலை முடிகிற நேரத்தில் ராமன் என்ற தொழிலாளி என்னிடம் ஓடிவந்தான்.

"ஐயா, எம் பொஞ்சாதி மாரியாயி புள்ளத்தாச்சிங்க. நாலடி வச்சா மூச்சு வாங்குது. சீக்காளிங்க எல்லாரையும் மேமலைக்கு வெரட்டிட்டாங்க. அவளப் பாருங்கய்யா."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நாளைக்கும் தங்கினால் அவர்களையும் பார்த்துவிடலாம் என்றேன்.

"வந்த ஆக்கள் போதும். நாளைக்கு நுவரெலியாவில எனக்கு டென்னிஸ்."

"ஒரு டின் மாத்திரையாவது வச்சிட்டுப் போவோம் சார்."

"சோகை இல்லாத தோட்டத்துக்கு மாத்திரை என்னத்துக்கு?"

இவ்வளவு படித்த வாய்! கங்காணிக்கோ பூரிப்பு தாங்கவில்லை. "நம்ம தோட்டத்து மானத்தக் காப்பாத்திட்டோம்ங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை டின்கள் கடகடவென்று உருள ஜீப் திரும்பியது.

பிறகு ஒருநாள் கொட்டகலைக் கடைத்தெருவில் ராமனைப் பார்த்தேன். மாரியாயி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். ராமன் என்னைப் பார்த்தான், கும்பிடவில்லை. எதற்குக் கும்பிட வேண்டும்? அதே மாதம்தான் டாக்டர் கொழும்பில், அந்தத் தோட்டத்தில் சோகையே இல்லை என்று கட்டுரை படித்துக் கைதட்டல் வாங்கினார். அவர் கழுத்தில் போட மாலையைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

இப்போது டாக்டர் இல்லை, கங்காணி இல்லை, ஆய்வுப் பிரிவை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். அதன் பின்சுவர் கடைசிவரை சுண்ணாம்பைக் காணவில்லை. மாரியாயியை ஆய்வுக்குப் போன நாங்கள் ஒருவருமே பார்க்கவில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.