பின்சீட்டிலிருந்து பார்த்த மாரண்டஹள்ளி

ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற தொழிலுக்கு வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பின்சீட்டில் கத்தாமல் உட்காரவும் தெரிய வேண்டும். மனைவிக்கோ தங்கைக்கோ ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்தவராக இருந்தால் உங்களுக்கே புரியும். பிரேக் அவர்கள் கையில், உயிர் நம்முடையது.

நான் ஸ்டெல்லா. பிறந்தது கோலார் தங்கவயலில். பெங்களூருவில் பெண்களுக்கான ஸ்கூட்டர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் ஒருநாள், "எங்க மாரண்டஹள்ளியில இப்படிச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லைங்கக்கா. எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாகூட எங்கப்பா வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் பைகளோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பைக்குகளில் ஆண்கள் ஒற்றை ஆளாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என் கணவருக்கு ஓசூரில் வேலை. "எங்க இருந்தாலும் எனக்கு பஸ்தானே" என்றார். அந்த மாதமே வேலையை விட்டேன். சேமிப்பைப் போட்டு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். மாநிலத்தை மாற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டோம்.

வாடகைக்கு ஒரு வூடு

முன்னறையில் அலுவலகம் வைக்கிற மாதிரி வீடு தேடினேன். மூன்றாவதாகப் பார்த்த வீட்டின் சொந்தக்காரர் ராஜம்மா. என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா, கன்னடமா?" என்றார். "தமிழ்தாங்க, சொல்ப வேகமாப் பேசுவேன்" என்றேன். 'கொஞ்சம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் கன்னடம் வந்து விழுந்துவிட்டது. இந்த வீடும் போச்சு என்று நினைத்தேன். ராஜம்மாவோ சிரித்தபடி கன்னடத்திலேயே உள்ளே கூப்பிட்டார். அவர்கள் வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ்.

காபி வந்தது. என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "வூடு தரேன். ஊருல யாருக்கு வேணா சொல்லித் தாங்க. என் மருமகளுக்கு மட்டும் வேணாம். அவ நடந்து போறப்பவே பிடிக்க முடியல."

பெண்களுக்கு மட்டும்

'பெண்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போர்டு வைத்தேன். மூன்று வாரம் ஒரு பெண்ணும் வரவில்லை. புது ஊரில் கடை திறந்து, ஆள் வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மூன்று வாரத்தின் நீளம் தெரியும். நான் தினமும் வண்டியைத் துடைத்தேன். அதற்கு மேல் துடைத்தால் பெயின்ட் போய்விடும் என்கிற நிலை வந்தபோது ஒருவர் வந்தார். ஆண். காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவர், ஐம்பது வயது இருக்கும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை வயசுக்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குக் கூச்சம்.

பசிக்கிறபோது விதி எதற்கு என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் முதல் ஆளிலேயே போர்டைப் பொய்யாக்கினால் நாளைக்கு எந்தப் பெண் வருவாள்? "உங்க வூட்டம்மாவை அனுப்புங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர் மனைவி சரஸ்வதி வந்தார். பன்னிரண்டே நாளில் சுத்தமாக ஓட்டினார். கடைசி நாள், "உங்க வீட்டுக்காரரை என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். "அவருக்கு நான் சொல்லித் தந்துக்கிறேன் மேடம். இருபத்தஞ்சு வருசமா அவரு கத்தறதைத்தான் கேட்டுட்டிருக்கேன்" என்றார்.

ஆள் தூண்கள்

வாரச் சந்தை கூடாத நாட்களில் சந்தை மைதானம் காலியாகக் கிடக்கும். கேட்டு அனுமதி வாங்கி, அங்கேதான் சொல்லிக்கொடுத்தேன். நான்கைந்து பேர் சேர்ந்ததுமே சுற்றுச்சுவர் மேல் ஆண்கள் கூட்டமும் சேர்ந்தது. "காலைத் தூக்கும்மா", "ஆக்ஸிலேட்டரை விடும்மா" என்று ஆளுக்கொரு யோசனை. ஒரு பெண் அழுதுகொண்டே வண்டியை விட்டு இறங்கி, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றாள்.

நான் சுவருக்குப் போனேன். சண்டைக்கு வருகிறேன் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "அண்ணா, எட்டுப் போடறதுக்குத் தூண் இல்லை. பத்தடிக்கு ஒருத்தரா வந்து நில்லுங்க. வண்டி உங்களைச் சுத்திப் போகும்" என்றேன். ஒவ்வொருவருக்காக வேலை ஞாபகம் வந்தது. டீக்கடை மாஸ்டர் ஒருவர் மட்டும் வீறாப்பாக வந்து நின்றார். அழுத பெண்ணையே வண்டியில் ஏற்றினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் லுங்கி படபடக்கும்படி உரசிப்போய் நான்கு சுற்றுச் சுற்றினாள். மாஸ்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மேடம், நாளைக்கு எண்ணெய் டின்னு எடுத்தாந்து தரேன், அதை வைங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது."

கர்நாடகா வண்டி

என் வண்டி கர்நாடகப் பதிவு. பதிவை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் பாலக்கோடு ரோட்டில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். நிறுத்துவார்கள் என்று தெரிந்தே ஒரு கோப்பு தயார் செய்து வைத்திருந்தேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், என்.ஓ.சி., விண்ணப்பித்த ரசீது, வாடகை ஒப்பந்தம், கணவரின் ஆதார் நகல் உட்பட ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். ஏழாவது காகிதத்தை எடுக்கப்போனபோது அவர் கையை உயர்த்தினார்: "போதும்மா, போங்க. இன்னும் கொஞ்சம் விட்டா உங்க கல்யாணப் பத்திரிகையும் காட்டுவீங்க."

கஸ்தூரி

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

கஸ்தூரி பஞ்சப்பள்ளி ரோட்டில் ஒரு கிராமத்துக்காரி. கணவரோடு சேர்ந்து சாமந்தி பயிர் செய்கிறாள். விடியற்காலையில் பறித்த பூவை மூட்டை கட்டி, பஸ்ஸில் ஏற்றி மாரண்டஹள்ளிப் பூக்கடைக்குக் கொண்டுவர வேண்டும். பஸ் நிரம்பி வந்தால் மூட்டையை ஏற்றமாட்டார்கள். அடுத்த பஸ் வருவதற்குள் பூ வாடிவிடும். அதற்காகத்தான் வண்டி கற்க வந்தாள்.

ஆறாம் நாள் தனியாக ஓட்டவிட்டேன். அப்போது பெங்களூருவிலிருந்து என் பழைய முதலாளியின் போன். "அங்க என்னம்மா கிடைக்குது? திரும்பி வா, உன் இடம் அப்படியே இருக்கு" என்றார். நான் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியபோது கஸ்தூரி மைதானத்து ஓரச் சரிவில் விழுந்துகிடந்தாள். மணிக்கட்டு முறிந்திருந்தது.

பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டோம். அவள் கணவர் மாதேஷ் வந்தார். கோபப்படவில்லை, கேட்டார், அவ்வளவுதான்: "நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" ஆமாம் என்று சொல்லியிருந்தால் கஸ்தூரிகூட மறுத்திருக்கமாட்டாள். "இல்லைங்க, போன் பேசிக்கிட்டிருந்தேன்" என்றேன். அவர் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகுமாம். எங்கம்மாவும் படுக்கையில இருக்காங்க, தோட்டத்தை விட்டு என்னால நகர முடியாது. பூவை யாருங்க கொண்டுபோறது?"

பூ மூட்டை

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நான் அவர்கள் தோட்டத்தில் நின்றேன். மாதேஷ் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மூட்டைகளைக் காலடியில் ஒன்று, பின்சீட்டில் ஒன்று என்று கட்டிக்கொண்டு கிளம்பினேன். விபத்துச் செய்தி ஊரெல்லாம் பரவி, மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அதனால் எனக்கு வேறு வேலையும் இல்லை. "மூட்டை தூக்கவா மாநிலம் விட்டு மாநிலம் வந்தோம்?" என்றார் கணவர். பெங்களூருவுக்குத் திரும்பிப் போனால் மாதேஷ் கேட்ட கேள்வி காலம் முழுக்கக் கூடவே வரும் என்று தோன்றியது. ஆறு வாரமும் ஒரு நாள்கூட பூ வாடவில்லை.

தினமும் பஸ் நிறுத்தத்தில் கூடையோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஐந்தாவது வாரம் அவர்களில் மூன்று பேர் என் அலுவலகத்துக்கு வந்து, எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்டார்கள். கட்டுப் பிரித்த மறுவாரம் கஸ்தூரியும் வந்தாள். வண்டியை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள்: "இந்தத் தடவை உங்க போனை என்கிட்ட குடுத்துடுங்க."

கொடுத்தேன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டினாள். அவள் லைசென்ஸ் வாங்கும் வரை பூவை நானே கொண்டுபோனேன்; வாங்கியதும் ஒரு பழைய ஸ்கூட்டரும் வாங்கிவிட்டார்கள். பழக்கதோஷத்தில் அதற்கு மறுநாளும் ஐந்து மணிக்குத் தோட்டத்துக்குப் போய் நின்றேன். வரப்பில் பல் துலக்கிக்கொண்டிருந்த மாதேஷ் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "அவ கிளம்பி அரை மணி நேரம் ஆச்சுங்க. வந்தது வந்துட்டீங்க, டீ குடிச்சுட்டுப் போங்க."

வேறு மாநிலத்துக்குப் போய்த் தொழில் தொடங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் முதல் வருடம் அந்தத் தொழிலைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்யத் தயாராகப் போங்கள்.